நீலகிரியின் ஆறு பருவங்கள்

வைட்ஃபீல்டில் என்னுடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர் சென்னையைச் சேர்ந்தவர். நான் நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்தவன் என்று அறிந்த நாள் முதலாக என்மீது அவருக்குச் சிறிது பொறாமை உண்டு. "உங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் குளிர், ஆண்டு முழுவதும் மழை. உங்களுக்கு என்ன குறை?" என்பார். நெடுநாள் நானும் சிரித்துக்கொண்டே தலையசைத்து வந்தேன். அவ்வாறு தலையசைத்தது தவறு என்று அண்மையில்தான் உணர்ந்தேன். ஒரு மலை மாவட்டத்தின் வானிலையை ஒரே தொடரில் அடக்கிவிடலாம் என்று நம்பி, என் வீட்டாருக்கே ஒருமுறை தவறான விடை கூறிவிட்டேன். அந்நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் நீலகிரியில் ஓராண்டு எவ்வாறு நடந்து செல்கிறது என்பதைக் காண்போம்.

உயரமும் குளிரும்

நீலகிரி சுமார் 2,550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கூடுமிடத்தில் அமைந்தது. மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டி நிற்கிறது. கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் சுமார் 1,850. உதகை சுமார் 2,240. தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர்.

உதகை வடக்கே பதினொன்றரைப் பாகையளவில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் உள்ள ஊரில் குளிர் எங்கிருந்து வந்தது? மேலே செல்லச் செல்லக் கதிரவனுக்கு நெருக்கமாகத்தானே போகிறோம் என்று சிறுவயதில் நானும் கேட்டதுண்டு. காற்று வெயிலால் நேராகச் சூடேறுவது மிகக் குறைவு. வெயில் நிலத்தைச் சுடுகிறது. நிலம் தன் மேலுள்ள காற்றைச் சுடுகிறது. சூடேறிய காற்று மேலே எழும்பும்போது அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிகிறது; விரியும்போது குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரைப் பாகை செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது பாடநூற் கணக்கு.

இக்கணக்கை வைட்ஃபீல்டில் இருந்தபடியே சரிபார்க்கலாம். நாம் இருக்கும் மேட்டுநிலம் சுமார் 900 மீட்டர் உயரமுள்ளது. உதகை நம்மைவிட 1,340 மீட்டர் உயர்ந்தது. ஆறரைப் பாகை வீதம் கணக்கிட்டால் வேற்றுமை எட்டே முக்கால் பாகை வரும். பெங்களூரின் ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 24 பாகை; உதகையினுடையது 15 பாகையை ஒட்டியது. கணக்கும் கண்டதும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

அழுத்தம் குறைவு என்பதை வெப்பமானி இல்லாமலே எங்கள் தாய்மார்கள் அறிவார்கள். உதகையில் தண்ணீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் அந்தக் கொதியில் பருப்பு எளிதில் வேகாது. குக்கர் வருமுன் மலைவீடுகளில் பருப்பு வேகவைப்பது பொறுமைக்கு ஒரு சோதனை.

நிலநடுக்கோட்டின் அருகாமையால் இன்னொன்றும் விளைகிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எங்கள் ஊரில் வேற்றுமை ஒன்றேகால் மணி நேர அளவுதான். ஆகவே ஐரோப்பிய மலைநாடுகளில் உள்ளது போல் நீண்ட கோடைப் பகலும் இருண்ட குளிர்காலமும் எங்களுக்கு இல்லை. அங்கே ஆண்டைப் பகுப்பவன் கதிரவன். இங்கே பகுப்பது காற்று.

இரு காற்றுகளும் இரு முகங்களும்

கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். நான்கு திசைக்கு நான்கு பெயர் இட்டவர்கள், காற்றைக் கூர்ந்து நோக்கியவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. நீலகிரியின் மேற்கு விளிம்பும் குந்தா மலைகளும் அதன் வழியில் சுவர்போல் எழுந்து நிற்கின்றன. காற்று ஏறுகிறது, ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஆவியைத் தாங்க இயலாது, மழை கொட்டுகிறது. தேவாலாவில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுவது இதனால்தான். மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்று மீண்டும் சூடேறி வறண்டுவிடுகிறது. அந்த மறைவில் உள்ள பகுதியை மழைமறைவுப் பகுதி என்பர்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை காட்சி தலைகீழாக மாறுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து வந்து, சமவெளியைக் கடந்து, மலையின் கிழக்குச் சரிவில் மோதுகிறது. இப்போது குன்னூரும் கோத்தகிரியும் மழைமுகம்; கூடலூர் மறைவு. இரண்டுக்கும் நடுவே தொட்டபெட்டாத் தொடர் வேலியாக நிற்கிறது. ஆக, ஒரே மாவட்டத்தில் ஒருபுறத்து மழைக்காலம் மறுபுறத்துக்குத் தூறற்காலம். 'நீலகிரியின் மழை' என்று ஓர் எண்ணைக் கூறுவோர், எந்த முகத்து மழை என்பதையும் உடன் கூற வேண்டும்.

ஒரு சாலையில் கண்ட பாடம்

இதனை நூலில் கற்பதைவிடப் பேருந்துச் சன்னலோரம் இருந்து கற்பது எளிது. பெங்களூரிலிருந்து நான் ஊருக்குச் செல்வது மைசூர் வழியாக. ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் செல்வதாகக் கொள்வோம். மைசூரைத் தாண்டியதும் நிலம் வெளிர்கிறது. பந்திப்பூர்க் காட்டிலும் முதுமலையின் கிழக்குப் பகுதியிலும் இலையுதிர் மரங்களும் முட்புதர்களும் நிற்கின்றன. அங்கிருந்து மசினகுடிப் பக்கம் பிரிந்தால், ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கும் குறைந்த வறள் நிலம்.

மசினகுடிப் பக்கம் திரும்பாமல் நேரே சென்றால் கூடலூர். ஒரு மணி நேரத்துக்குள் காடு கறுத்துவிடுகிறது. கூரையெல்லாம் பாசி, கடைக்குக் கடை குடை தொங்குகிறது. அங்கிருந்து நடுவட்டத்துக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் பகலிலேயே விளக்கை ஏற்றுவார். முன்னே செல்லும் லாரியின் பின்விளக்கு மட்டும் மஞ்சில் தெரியும். பைக்காராவைத் தாண்டி உதகையை நெருங்கும்போது மழை தூறலாகிறது. உதகையில் வேறு பேருந்து ஏறி, தொட்டபெட்டாத் தொடரைக் கடந்து கோத்தகிரி இறங்கினால், அங்கே தேயிலைத் தோட்டத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்! அம்மா கேட்பார்: "ஏன் கண்ணு, சட்டையெல்லாம் நனஞ்சிருக்குது?"

நவம்பரில் அதே சாலையில் சென்றால் விடைகள் இடம் மாறும். கூடலூரில் குடை மடங்கியிருக்கும். கோத்தகிரியில் அம்மா விறகை அடுப்படிக்குள் அடுக்கிக்கொண்டிருப்பார். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பாறையும் மண்ணும் சரிந்து மலை இரயில் நிறுத்தப்பட்டது என்ற செய்தி பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் வரும்.

ஆறு பருவங்களை மலையில் வைத்துப் பார்த்தால்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அப்பகுப்பை நீலகிரிமேல் வைத்துப் பார்த்தேன். சில இடங்களில் வியப்பூட்டும் பொருத்தம்; சில இடங்களில் பெரும் முரண்.

இளவேனில், அதாவது சித்திரையும் வைகாசியும். உதகையில் இதுவே வெப்பம் மிகுந்த காலம். அவ்வெப்பமும் பிற்பகலில் 22, 23 பாகை அளவில் நின்றுவிடும். பிற்பகலில் இடியுடன் கோடைமழை பெய்யும். சில நாள் ஆலங்கட்டியும் விழும். இம்மழையில் தேயிலை தளிர்த்துக் கொழுந்து பெருகும். சமவெளி மக்கள் மலையேறி வருவதும், மே மாதத்தில் தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி நடப்பதும் இப்போதுதான். ஆகவே நீலகிரி என்றதும் பலர் நினைவில் நிற்பது இந்த இரண்டு மாதங்களின் முகமே.

முதுவேனில், ஆனியும் ஆடியும். பெயரோ கடுங்கோடை, மலையின் மேற்கு முகத்திலோ ஆண்டிலேயே மிகுந்த மழை. இங்கே மாணவர்கள் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. உதகையில் பகல் மிகக் குளிர்ந்திருப்பது ஜனவரியில் அன்று, ஜூலை, ஆகஸ்டில்தான். ஜனவரிப் பகலில் வெப்பம் சுமார் 20 பாகைக்கு ஏறும். ஜூலைப் பகலில் 17 பாகை அளவைத் தாண்டுவது அரிது. மேகம் வெயிலை மறைத்துவிடுகிறது. அதே மேகம் இரவில் போர்வையாகி நிலத்தின் சூட்டைக் காக்கிறது. எனவே ஜூலையில் பகலுக்கும் இரவுக்கும் வேற்றுமை ஐந்தாறு பாகைதான். ஜனவரியில் அது பதினைந்து பாகையை எட்டும்.

இந்த மழைதான் பைக்காரா, குந்தா நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. 1932-இல் பைக்காராவிலும், 1960-களில் குந்தாவிலும் தொடங்கிய நீர்மின் உற்பத்தி, ஆனி ஆடி மழையை நம்பியே எழுந்தது. பவானியும் மோயாறும் இம்மலையின் நீரைக் காவிரிக்குக் கொண்டு சேர்க்கின்றன.

கார், ஆவணியும் புரட்டாசியும். மேற்கு மழை தணிகிறது; வானம் அவ்வப்போது திறக்கிறது. மலைச்சரிவுகளில் காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு வயல்கள் பச்சை கட்டுகின்றன. கிழக்குச் சரிவினர் கூரையையும் வடிகாலையும் சீர்செய்வது இக்காலத்தில். ஏனெனில் அடுத்து வருவது அவர்களுடைய மழை.

கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும். கிழக்கு முகத்தின் மழைக்காலம். இதைப்பற்றிப் பின்னர் விரித்துக் கூறுவேன்.

முன்பனி, மார்கழியும் தையும். வானம் தெளிந்து, காற்று அடங்கி, இரவு நீள்கிறது. உறைபனி விழும் காலம்.

பின்பனி, மாசியும் பங்குனியும். ஆண்டிலேயே வறண்ட காலம். பனியில் கருகிய புல் காய்ந்து கிடக்க, காட்டுத்தீ அஞ்சப்படும். மழை மிகுந்த மாவட்டம் என்று பெயர் பெற்ற இடத்தில், பங்குனி மாதத்தில் குடத்துடன் ஊற்றுக்கு நடந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வகுத்துள்ளது. அது காதல் ஒழுக்கத்துக்கு வகுத்த இலக்கணம். வானிலை நூல் அன்று. எனினும் மலையின் இயல்பு முற்றாக வெளிப்படும் இரண்டு காலங்கள் இவைதாம் என்பதை மலையில் வாழ்ந்தவன் மறுக்கமாட்டான்.

உறைபனி சொல்லும் உண்மை

எங்கள் பக்கத்தில் நீர்ப்பனி என்றும் உறைபனி என்றும் இரண்டாகச் சொல்வார்கள். நவம்பரில் புல்நுனியில் துளியாக நிற்பது நீர்ப்பனி. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் தலைகுந்தா, அவலாஞ்சி, சாண்டிநல்லா போன்ற தாழ்ந்த வெளிகளில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடப்பது உறைபனி.

மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானில் இழக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே விடியற்காலையில் மேட்டில் இருப்பவனைவிடப் பள்ளத்தில் இருப்பவன் மிகுதியாக நடுங்குகிறான். 'உயரம் கூடினால் குளிர் கூடும்' என்று முன்னர்க் கூறிய விதி, அந்தச் சில மணி நேரத்துக்குத் தலைகீழாகிறது. ஒரே தோட்டத்தில் மேட்டுத் தேயிலை பசுமையாக இருக்க, பள்ளத்துத் தேயிலை தீப்பட்டதுபோல் கருகி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். உதகைப் பூங்காவில் இக்காலத்தில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடிவைப்பதும் இதனால்தான். வெப்பம் வானுக்கு ஓடாமல் அம்மூடாக்கு தடுக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்தில், மரக்கூண்டுக்குள் இருக்கும். அது 2 அல்லது 3 பாகை காட்டும் காலையிலும் தரையில் புல் உறைந்திருக்கும். கருவி பொய் சொல்லவில்லை. அது தான் இருக்கும் இடத்தின் உண்மையைச் சொல்கிறது. செடியோ வேறிடத்தில் இருக்கிறது. புல்வெளிகளில் சோலை மரங்களின் கன்றுகள் எளிதில் பரவாமைக்கு ஆராய்ச்சியாளர் கூறும் காரணங்களுள் இந்த உறைபனியும் ஒன்று.

மூன்று சென்டு நிலமும் ஒரு சராசரியும்

இனி, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சி.

என் பெற்றோர் கோத்தகிரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்ட வேலை செய்பவர்கள். இருபது ஆண்டுச் சேமிப்பில் சொந்தமாக ஒரு வீடு கட்ட எண்ணினர். சாலைக்குக் கீழே, சரிவை வெட்டிச் சமன் செய்த மூன்று சென்டு நிலம் மலிவாக வந்தது. அப்பா முன்பணம் கொடுத்துவிட்டு என்னை அலைபேசியில் அழைத்தார். "கண்ணு, நீ படிக்கிறவன். அந்த எடத்துல மழைக்கு பயமில்லீன்னு சொல்லு, கடக்கால் எடுத்தர்லாம்" என்றார்.

நான் அட்டவணையைப் பார்த்தேன். நவம்பர் மாதச் சராசரி மழையை முப்பதால் வகுத்தேன். நாளொன்றுக்குப் பத்து மில்லிமீட்டர்கூட வரவில்லை. "பயமில்லைங்கப்பா" என்றேன்.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீ சொல்ற சராசரி மழெ நம்மூர்ல எந்த வருசமும் பெஞ்சதில்லியே கண்ணு. ஒண்ணு கொறையும், இல்லீன்னா கொட்டும். அன்னிக்கு ராத்திரி உனக்கு ஞாபகம் இல்லியா?"

அந்த இரவு எனக்கு நினைவிருந்தது. 2009 நவம்பர். எனக்கு ஏழு வயது. தகரக் கூரைமேல் விழுந்த மழையின் ஓசையில் அம்மா பேசியது காதில் விழவில்லை. விடிந்தபோது பள்ளிக்குச் செல்லும் பாதை இருந்த இடத்தில் செம்மண் வாய் பிளந்து கிடந்தது. வளைவருகே நாங்கள் நின்று தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வீடு ஒன்று இருந்தது. அதற்குப் பின் அவ்வீட்டை நான் பார்க்கவில்லை. அந்நாட்களில் மாவட்டத்தில் நிலச்சரிவால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நவம்பர் 10-ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில், கேத்தியில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. ஒரு நாளில் 204 மில்லிமீட்டரைத் தாண்டினாலே இந்திய வானிலை ஆய்வுத் துறை 'அதிகனமழை' என்று வகைப்படுத்துகிறது. இதுவோ அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு.

இவ்வளவையும் கண்டவன் நான். கற்றவனும் நான். இருந்தும் வகுத்தல் கணக்கைச் செய்து 'பயமில்லை' என்றேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து வேறொரு கணக்குப் போட்டேன். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். மூன்று சென்டு என்பது சுமார் 121 சதுர மீட்டர். அதன்மேல் 800 மில்லிமீட்டர் பெய்தால் 97,000 லிட்டர். வைட்ஃபீல்டுத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர்த் தண்ணீர் லாரி எட்டு! எட்டு லாரி நீரை ஒரே நாளில் அந்தச் சிறு நிலம் வாங்க வேண்டும். மேற்சரிவிலிருந்து வழிந்து வரும் நீர் இக்கணக்கில் சேரவில்லை.

நீர் வெறுமனே ஓடிப்போனால் கேடு குறைவு. நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட்டு என்னும் கடும் பாறை. அதன்மேல் காலங்காலமாக இற்றுப்போன செம்மண் ஆழமாகப் படிந்துள்ளது. நாள்தோறும் பெய்யும் மழையில் மண் ஊறி நிறைகிறது. இனி இடமில்லை என்ற நிலையில் ஒரு பெருமழை வந்தால், மண்துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் உயர்ந்து, மண்ணை மண்ணோடு பிடித்து நிறுத்தும் உராய்வு குறைகிறது. சரிவின் அடியை நாம் வெட்டியிருந்தால் தாங்குவதற்கும் ஒன்றுமில்லை. 1978, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் நீலகிரியின் பெரிய நிலச்சரிவுகள் நவம்பரில் நேர்ந்தமை தற்செயல் அன்று. 1993-இல் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்தருகே சரிந்த மண் சாலையையே கொண்டுபோயிற்று. அனைத்தும் கிழக்கு முகம், அனைத்தும் கூதிர்.

மேற்கு முகத்துக்கு ஆபத்து ஆடியில். 2019 ஆகஸ்டு 8-ஐ ஒட்டிய நாட்களில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அதே நாட்களில் எல்லைக்கு அப்பால் வயநாட்டின் புத்துமலையில் மலை சரிந்தது. 2024 ஜூலை 30-ஆம் நாள் விடியுமுன் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த சரிவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே மலைத்தொகுதி, இரு முகம், இரு வேறு மாதங்கள்.

வருங்காலம் இதைவிட எளிதாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுகிறது. உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. கொட்டும் மழை இன்னும் கனமாகக் கொட்டுவதற்கு வழி ஏற்பட்டுள்ளது என்பதே இதன் பொருள்.

அந்தப் புரட்டாசியில் ஊருக்குச் சென்றேன். அப்பாவும் நானும் நிலத்தைச் சுற்றி நடந்தோம். வெட்டிய முகத்தில் மழையில்லாத நாளிலும் நீர் கசிந்தது. மேற்சரிவில் இரண்டு மரங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்து வளர்ந்திருந்தன. மண் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது. நிலத்தின் நடுவே ஒரு காலத்தில் ஓடை இருந்து தூர்க்கப்பட்டது என்பதைப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலேறினார். முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது, பாதி வரவில்லை. வீடு இன்னும் கட்டவில்லை. அந்தப் பாதிப் பணம் என் அம்மாவின் எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். என் 'பயமில்லை' என்ற சொல்லை நம்பி அவர்கள் கடக்கால் தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அறிவேன்.

நாம் செய்யத்தக்கது

சராசரி பயனற்றது என்று நான் கூற வரவில்லை. முப்பது ஆண்டு வானிலையின் சராசரியைக் கொண்டுதான் ஓர் இடத்தின் தட்பவெப்பநிலையை உலகெங்கும் வரையறுக்கிறார்கள். எந்தப் பயிரை எந்த மாதத்தில் இடுவது, அணையை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பவற்றுக்கு அது வழிகாட்டும். ஆனால் ஒரு வீடு நிற்குமா என்ற வினாவுக்குச் சராசரியிடம் விடை இல்லை. அவ்வினாவுக்கு விடை காண, அந்த இடத்தில், அந்த முகத்தில், மிகக் கடுமையான ஒரு நாள் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். அதை அறிந்தவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்களே.

இது மலைக்கு மட்டும் உரிய பாடமும் அன்று. நாம் வாழும் வைட்ஃபீல்டும் பெல்லந்தூர்ப் பக்கமும் 2022 செப்டம்பரில் வெள்ளத்தில் மூழ்கியதை இங்குள்ள பலர் கண்டிருப்பீர்கள். பெங்களூரின் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டர் அளவுக்குள்தான். ஏரிகளை இணைத்த இராஜகால்வாய்கள் குறுகிப்போன இடங்களில், சில நாள் மழையே போதுமானதாயிற்று. தூர்ந்த ஓடை எங்கள் மூன்று சென்டில் இருந்தது. இங்கே அடுக்குமாடிகளின் அடியில் இருக்கிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதில் நிற்கும் நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிடுங்கள். டப்பா சிறியதாயினும் பெரியதாயினும் ஆழம் ஒன்றே. உங்கள் சொந்த ஊரிலும் ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். பத்து ஆண்டுக்குப் பின் ஒரு கிராமம் எங்கே வீடு கட்டலாம் என்று கேட்கும்போது, அந்தக் குறிப்பேடு அட்டவணையைவிட நெருங்கிய விடையைச் சொல்லும்.

என் அப்பா ஓராண்டாக இதைச் செய்துவருகிறார். பால்மாவு டப்பா ஒன்றும், என் பள்ளிக்கால அளவுகோலும் அவருடைய கருவிகள். காலையில் நான் மெட்ரோவுக்குப் புறப்படும் நேரத்தில் அலைபேசி ஒலிக்கும். "இன்னிக்கு பதினாலு" என்பார். சில நாள் "ஒண்ணுமில்லெ" என்பார். நான் எழுதிக்கொள்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும், எண்ணைச் சொன்ன பிறகும் உடனே வைக்கமாட்டார். மேற்சரிவில் மண் எப்படி இருக்கிறது, ஊற்று நீர் கலங்கியிருக்கிறதா என்றும் சேர்த்துச் சொல்வார். அதையும் எழுதிக்கொள்கிறேன்.